எதுவரைக்கும், ஆண்டவரே? ரோம ஆட்சியில் உபத்திரவமும் தேவ நீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமப் பேரரசில் முதல் 300 ஆண்டுகள் கிறிஸ்தவர்கள் பட்ட பாடுகளைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் எழும் கேள்விகளுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. கடவுள் ஏன் அப்போதே தலையிடவில்லை? கொன்றவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது? பயந்து கிறிஸ்துவை மறுதலித்தவர்கள் என்ன ஆனார்கள்? இந்த மாதிரிக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

300 ஆண்டுகளும் ஓயாமல் உபத்திரவம் நடந்ததா?

இல்லை. பெரும்பாலான காலத்தில் உபத்திரவம் அந்தந்த ஊரோடு நின்றது. ஓர் ஊரில் கூட்டம் கொதித்தெழும், ஆளுநர் சிலரைக் கொல்வார், அப்புறம் பல வருடங்கள் அமைதி. கி.பி. 64-இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தபோது பேரரசன் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். அந்தக் கொடுமை ரோம் நகருக்குள் நடந்தது. பேரரசு முழுவதற்கும் ஆணை போட்டு நடத்தியவை மூன்று: டேசியஸ் 249-250-இல் தொடங்கியது, வலேரியன் 257 முதல் 260 வரை நடத்தியது, டயோக்ளீசியன் 303-இல் தொடங்கியது. வலேரியனுக்கும் டயோக்ளீசியனுக்கும் நடுவில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் சபைக்கு நிம்மதியாகவே கழிந்தன.

இதைச் சொன்னால், விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். அப்படி இல்லை. எந்த நாள் பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொடுப்பான் என்று தெரியாமல் அமைதியான வருடங்களில் வாழ்வதும் லேசான காரியம் அல்ல.

அவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

இதற்கு ஒரு ரோம ஆளுநரே பதில் எழுதி வைத்திருக்கிறார். பித்தினியா, பொந்து பகுதியை ஆண்ட பிளினி, சுமார் 112-இல் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுதான் விஷயம். அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். உண்மையை வரவழைக்க, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்த்தார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனாலும் கொன்றார். மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் 'நான் கிறிஸ்தவன்' என்று சொன்னால் மரண தண்டனை. இல்லை என்றவர்கள் தெய்வங்களை வணங்கி, பேரரசரின் சிலைக்குமுன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டுப் போகலாம்.

டிராஜனின் பதில் விசித்திரமானது. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதப் புகார்களை ஏற்க வேண்டாம், ஆனால் புகார் வந்து குற்றம் உறுதியானால் தண்டிக்க வேண்டும். சுமார் 80 ஆண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இந்தப் பதிலைக் கிழித்துத் தொங்கவிட்டார். குற்றவாளி என்றால் ஏன் தேடக்கூடாது, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. ரோமச் சட்டத்தைப் பெருமையாகப் பேசிய அரசுக்கு இதற்குக் கடைசிவரை பதில் இருக்கவில்லை.

கொலோசியத்தில் சிங்கங்கள், நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்த கதை எல்லாம்?

கொலோசியம் திறக்கப்பட்டது 80-இல். நீரோ 68-இலேயே செத்துவிட்டான். எனவே நீரோவின் சிங்கங்கள் கொலோசியத்தில் பாய்ந்திருக்க முடியாது. ரோமின் நிலத்தடிச் சுரங்கங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்யும் இடங்கள். குடியிருக்கும் மறைவிடங்கள் அல்ல. விலங்குகளுக்கு இரையாக்கியது மட்டும் உண்மை. சிமிர்னா, லியோன், கார்த்தேஜ் அரங்குகளில் அது நடந்தது.

ஸ்தேவான் தன்னைக் கல்லெறிந்தவர்களை மன்னித்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் இரத்தசாட்சிகள் பழிவாங்கும்படி கேட்கிறார்களே? இது முரண் இல்லையா?

முரண் மாதிரித்தான் தெரியும். ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழே இருக்கும் ஆத்துமாக்கள், எங்கள் இரத்தத்துக்கு எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச் செய்யாமல் இருப்பீர் என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கையில் வாள் எடுக்கவில்லை. ஊரைக் கூட்டவில்லை. நீதிபதியிடம் மனு போடுகிறார்கள். ஸ்தேவானும் அதே நீதிபதியிடம்தான் பேசினார்: இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று. இரண்டு பேரும் தீர்ப்பைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

கிடைத்த பதில்தான் கடினமானது. வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது, கொஞ்சக் காலம் இளைப்பாறுங்கள் என்று சொல்லப்படுகிறது. ஏனென்றால் இன்னும் சிலர் கொல்லப்பட வேண்டியிருக்கிறது. ஆறுதல் வார்த்தையாகப் பிரசங்கிக்கப்படும் பகுதி இது. உள்ளபடியே படித்தால் தூக்கம் வராது. அநியாயத்தை மறக்கச் சொல்லாமல், கேள்வி கேட்டதற்குக் கண்டிக்காமல், காத்திருக்கச் சொல்கிறது.

ஆதிச் சபையில் இரண்டு குரல்களும் கேட்டன. 203-இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்ற இளம்பெண்ணோடு கொல்லப்பட்ட ஆண்கள் அரங்குக்குள் போகும்போது ஆளுநர் ஹிலேரியானுஸைப் பார்த்து, நீ எங்களை நியாயந்தீர்க்கிறாய், உன்னைக் கடவுள் நியாயந்தீர்ப்பார் என்று சைகை காட்டினார்கள். ஜனங்கள் கோபப்பட்டு அவர்களைச் சவுக்கால் அடிக்கச் சொன்னார்கள். சிமிர்னாவின் பேராயர் பாலிகார்ப், சுமார் 155-இல், தீயைக் காட்டி மிரட்டிய ஆளுநரிடம், உங்கள் நெருப்பு ஒரு மணிநேரம் எரிந்து அணைந்துவிடும், வரப்போகும் நியாயத்தீர்ப்பின் நெருப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்றார். லியோனில் 177-இல் பாடுபட்டவர்களோ, ஸ்தேவானைப் போலவே, சித்திரவதை செய்தவர்களுக்காக ஜெபித்தார்கள் என்று அந்தச் சபையாரின் கடிதம் சொல்கிறது.

எல்லாம் இந்த உயரத்திலேயே இருந்ததாகச் சொல்ல முடியாது. தெர்த்துல்லியன் ஓரிடத்தில், கடைசி நாளில் துன்புறுத்திய ஆளுநர்கள் எரிவதைப் பார்த்து ரசிக்கப்போவதாகவே எழுதுகிறார். அவருடைய எழுத்துகளில் எனக்குப் பிடித்த பகுதிகள் பல உண்டு. இது அவற்றில் ஒன்று அல்ல.

சபையைத் துன்புறுத்திய பேரரசர்கள் எல்லாரும் கேவலமாகச் செத்தார்கள், அதுவே தேவ நீதி என்று சொல்கிறார்களே?

இந்த வாதத்துக்கு வயது 1,700. லாக்டான்சியஸ் என்ற லத்தீன் ஆசிரியர், சுமார் 314-15-இல், இதற்காகவே ஒரு நூல் எழுதினார். டயோக்ளீசியன் அழைத்ததால் நிக்கொமேதியாவுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர், உபத்திரவத்தில் வேலை போனவர், நண்பர்கள் பட்டதைக் கண்ணால் பார்த்தவர். அவருடைய கோபம் புரிகிறது.

அவர் பக்கம் வலுவான உதாரணங்களும் உண்டு. நீரோ தற்கொலை செய்துகொண்டான். டேசியஸ் 251-இல் கோத்தியரோடு நடந்த போரில் செத்தான். அந்நியரோடு போரிட்டு மாண்ட முதல் ரோமப் பேரரசன் அவன். வலேரியன் 260-இல் பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் உயிரோடு பிடிபட்டான். ஷாப்பூர் அந்த வெற்றியைப் பாறையில் செதுக்கி வைத்தான், இன்றும் ஈரானில் நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற இடத்தில் பார்க்கலாம். டயோக்ளீசியனுக்குப் பின் உபத்திரவத்தைத் தொடர்ந்த பேரரசன் கலேரியஸ் அழுகும் நோயில் நாறிச் செத்ததை லாக்டான்சியஸ் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். சாப்பிடும் நேரத்தில் படிக்காதீர்கள்.

சரி, மற்றவர்கள்? கிறிஸ்தவர்களைத் தண்டிக்கலாம் என்று எழுதிக்கொடுத்த டிராஜன், ரோமர் தலைசிறந்தவர் என்று கொண்டாடிய பேரரசராக நோயில் இறந்தார். செனட் அவரைத் தெய்வமாக்கியது. லியோன் கொடுமை நடந்தபோது ஆண்ட மார்க்கஸ் அவுரேலியஸை உலகம் இன்றும் ஞானி என்று படிக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய உபத்திரவத்தைத் தொடங்கிய டயோக்ளீசியன் 305-இல் தானாகப் பதவி விலகி, இன்றைய குரோஷியாவின் கடற்கரையில் அரண்மனை கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் வளர்த்தார். கடைசியில் மனம் நொந்து செத்ததாக லாக்டான்சியஸ் எழுதினாலும், அரங்கில் செத்தவர்களோடு ஒப்பிட்டால் அது தண்டனையா?

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலேரியனின் மகன் கலியேனஸ், தகப்பன் பிடிபட்டதும் உபத்திரவத்தை நிறுத்தி, சபையின் சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தான். அவனைச் சொந்தப் படை அதிகாரிகளே 268-இல் கொன்றார்கள். கெட்ட சாவு கடவுளின் தீர்ப்பு என்றால், நல்லது செய்த இவனுக்கு எந்தத் தீர்ப்பு? மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசனாக இருந்து படுக்கையில் சாவதே அபூர்வம். சாவுகளை வரிசைப்படுத்தி யாரும் எதையும் நிரூபிக்கலாம் என்ற நிலைமைதான் அது.

அப்படியானால் கடவுள் இந்த உலகத்தில் தண்டிப்பதே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் யாக்கோபைக் கொன்ற ஏரோது புழுப்புழுத்துச் செத்ததைத் தேவனுடைய செயலாகவே வேதம் சொல்கிறது. ஆனால் லூக்கா 13-இல், பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றியும் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றியும் பேசும்போது, இவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசு மறுத்துவிடுகிறார். யாருடைய சாவு தீர்ப்பு, யாருடைய சாவு விபத்து என்று சொல்லும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை.

வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன் இதைப் பற்றிச் சொன்னது எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. எல்லாப் பாவமும் இங்கேயே வெளிப்படையாகத் தண்டிக்கப்பட்டால் கடைசி நியாயத்தீர்ப்புக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைப்போம். ஒன்றுமே தண்டிக்கப்படாவிட்டால் கடவுளின் பராமரிப்பே இல்லை என்று நினைப்போம். அவர் இதை எழுதியது 410-இல் ரோம் கொள்ளையடிக்கப்பட்ட பிறகு. அப்போது, பழைய தெய்வங்களை விட்டதால் வந்த தண்டனை இது என்று மறுபக்கத்தார் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் சாவைத் தீர்ப்பாகப் படித்த கை, நம் பக்கமும் திரும்பும்.

பயந்துபோய் மறுதலித்தவர்களுக்கு என்ன நடந்தது?

உபத்திரவக் காலத்தில் நீதியைப் பற்றிச் சபைக்குள் நடந்த மிகப் பெரிய வாதம் இதுதான். பேரரசர்களைப் பற்றியது அல்ல.

டேசியஸின் ஆணைப்படி எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும். எகிப்தில் இந்தச் சீட்டுகள் 40-க்கும் மேல் பாப்பிரஸில் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் பலியிட்டேன் என்று மனுதாரர் எழுத, சாட்சிகள் கையெழுத்து வைத்திருப்பார்கள். இன்றைய அலுவலகப் படிவத்தைப் பார்ப்பது போலவே இருக்கும்.

கார்த்தேஜில் கூட்டம் கூட்டமாகப் போய் வரிசையில் நின்றார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். ஆபத்து நீங்கியதும் எல்லாரும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். சிறையில் பாடுபட்டவர்களோ தாராளமாக மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ரோமில் நோவேஷியன் என்ற மூப்பரின் தரப்பு, மறுதலித்தவர்களைச் சபை மன்னிக்கவே கூடாது என்று பிரிந்துபோனது.

கார்த்தேஜ் பேராயர் சிப்ரியன் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் நிலைமையும் சங்கடமானது; டேசியஸ் காலத்தில் அவரே தலைமறைவாகப் போனவர். 251-இல் கூடிய சபைச் சங்கம், ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாக விசாரிக்க முடிவு செய்தது. பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவரும், முதல் ஆளாக ஓடிப்போய்ப் பலியிட்டவரும், சித்திரவதையில் உடைந்துபோனவரும் ஒன்றல்ல. பாவத்துக்காக வருந்தி மனந்திரும்பக் காலம் குறிக்கப்பட்டது. சாகக் கிடந்தால் உடனே சேர்த்துக்கொள்ளலாம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே தொடங்கும் என்று பேதுரு எழுதியது நடைமுறையில் இப்படித்தான் இருந்தது: மெதுவாக, சண்டையோடு, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாமல்.

லியோன் சபையார் இன்னும் மென்மையாக நடந்துகொண்டார்கள். மறுதலித்தவர்களையும் அங்கே அதிகாரிகள் விடுதலை செய்யாமல் கொலைக் குற்றம் சாட்டிச் சிறையிலேயே வைத்திருந்தார்கள். உறுதியாக நின்றவர்கள் அவர்களைக் குத்திக்காட்டாமல் அழுது ஜெபித்தார்கள். மறுதலித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த விசாரணையில் தங்களைக் கிறிஸ்தவர் என்று அறிக்கையிட்டுச் செத்தார்கள். அந்தக் கடிதத்தில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணின் பாடுகள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவளைவிட இந்தப் பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம் நினைவில் நிற்கிறார்கள்.

தப்பி ஓடுவது பாவமா?

இல்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசு. பாலிகார்ப் முதலில் ஒரு பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க நேரம் கேட்டார். அதே சமயத்தில் குவிந்துஸ் என்பவர் தானாகவே போய்ச் சரணடைந்தார். விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டார். தாங்களாக வலியப் போகிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று சிமிர்னா சபையார் எழுதி வைத்தார்கள்.

'பழிவாங்குதல் எனக்குரியது' என்று கர்த்தர் சொல்லியிருக்க, நாம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போவது விசுவாசக் குறைவு இல்லையா?

இந்தக் கேள்வி இன்றைக்கும் அடி வாங்கியவர்களிடம் போய்ச் சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடி வாங்காதவர்கள். அந்த வசனம் ரோமர் 12-இன் முடிவில் இருக்கிறது. நாலைந்து வசனம் தள்ளி, 13-ஆம் அதிகாரத்தில், தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற தேவ ஊழியக்காரன் என்று அதிகாரியைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். நீ பழிவாங்காதே என்பதும், அதற்கென்று ஏற்படுத்தப்பட்டவர் இருக்கிறார் என்பதும் சேர்ந்தே வருகின்றன.

பவுல் அப்படியே வாழ்ந்தார். பிலிப்பியில் விசாரிக்காமல் அடித்துவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொன்னார். ஆளுநர் பெஸ்துவிடம், இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, மேல்முறையீடு செய்தார். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கே நீண்ட முறையீடு எழுதினார்: பெயருக்காகத் தண்டிக்காதீர்கள், குற்றம் இருந்தால் விசாரியுங்கள் என்று. சட்டப்படி நியாயம் கேட்பது வேறு, ஆள் வைத்து அடிப்பது வேறு.

இரத்தசாட்சிகளின் இரத்தமே சபையின் வித்து என்பது எப்போதும் உண்மையா?

தெர்த்துல்லியன் சொன்னதன் சுருக்கம் அது. ரோமில் நடந்தது. எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஜப்பானில் 1614 தடைக்குப் பிறகு சபை ஏறத்தாழ அழிக்கப்பட்டது. மறைந்து வாழ்ந்த சிறு கூட்டம் 1865-இல்தான் நாகசாகியில் வெளியே வந்தது. தெர்த்துல்லியனின் சொந்த ஊரான கார்த்தேஜ் சபையே பிற்காலத்தில் இல்லாமல் போனது. செத்தால் சபை வளரும் என்று கணக்குப் போட்டுச் சாவை நியாயப்படுத்துவதைவிட, அவர்கள் செத்தது அநியாயம் என்று சொல்வதே அவர்களுக்கு மரியாதை.

அதிகாரம் கைக்கு வந்தபின் கிறிஸ்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

நன்றாக இல்லை. மதத்தைக் காக்க வேண்டியது கொன்று அல்ல, செத்து என்று லாக்டான்சியஸே எழுதியிருந்தார். 313-இல் மிலான் உடன்பாட்டோடு எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை கிடைத்தது. 385 வாக்கில் டிரியர் நகரில் பிரிசில்லியன் என்ற பேராயரை, கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனின் தீர்ப்பில், மற்றக் கிறிஸ்தவப் பேராயர்கள் தொடர்ந்த வழக்கில் கொன்றார்கள். தூர் நகரின் மார்ட்டின் தடுக்கப் பார்த்தார், மிலானின் அம்புரோஸும் கண்டித்தார், பலனில்லை. 72 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

துன்புறுத்துகிறவனுக்காக ஜெபிப்பதும் அவன்மேல் நீதி கேட்பதும் ஒன்றாகப் போகுமா?

போயிருக்கிறது. 311 ஏப்ரலில், சாகும் தறுவாயில் இருந்த கலேரியஸ் உபத்திரவத்தை நிறுத்தி ஓர் ஆணை வெளியிட்டார். அதில் மன்னிப்பு இல்லை. பிடிவாதக்காரர்கள் என்று திட்டுகிறார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: கிறிஸ்தவர்கள் தங்கள் கடவுளிடம் பேரரசரின் நலனுக்காகவும் அரசின் நலனுக்காகவும் ஜெபிக்க வேண்டும். இத்தனை பேரைக் கொன்றவன் கேட்ட உதவி அது.

கேட்டுத்தான் ஜெபிக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பது கலேரியஸுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு 54 ஆண்டுகளுக்கு முன், 257-இல், சிப்ரியனை விசாரணைக்கு நிறுத்தியபோது, இரவும் பகலும் எங்களுக்காகவும் எல்லா மனிதருக்காகவும் பேரரசர்களின் நலனுக்காகவும் எங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று அவர் சொன்னது விசாரணைப் பதிவில் இருக்கிறது. அப்போது ஆண்ட பேரரசர் வலேரியன். அடுத்த ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி அதே வலேரியனின் ஆணைப்படி சிப்ரியனின் தலை வெட்டப்பட்டது. வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி தன் ஆட்களிடம் சொல்லியிருந்தார்.